மார்கழியில் பாஸ் ஆன பிராசஸர்

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கிறான். கம்ப்யூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கி அவனே மாட்டியிருக்கிறான். “அண்ணா, ஆறு கோரும் 4.4ல நிக்குது. சினிபெஞ்ச் மூணு தடவ ஓட்டிட்டேன், ஒண்ணும் ஆவல. ஸ்டேபிள்தான இது?” என்று கேட்டான்.

இது ஜனவரி மாதம். விடிகாலையில் வில்லியனூரில் ஃபேனை ஒன்றில் வைத்தாலே போர்வை தேடுகிற நாட்கள். “மே மாசம் வந்து கேளு, சொல்றேன்” என்றேன். நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். கிண்டல் இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அவனுக்கும், அவனைப் போல் கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். ஒரு பிராசஸர் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் ஒரு செகண்டில் 400 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே இருப்பது 250 பிகோசெகண்ட். வெளிச்சமே அந்த நேரத்தில் ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். அந்த இடைவெளிக்குள் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் இருந்து கிளம்பிய சிக்னல், நடுவே உள்ள பல அடுக்கு கேட்டுகளைக் கடந்து, அடுத்த ஃபிளிப்-ஃபிளாப்பின் வாசலுக்கு வந்து நிலையாக நின்றிருக்க வேண்டும். அடுத்த துடிப்பு வந்ததும் வாசல் மூடும். வாசலில் அப்போது எது நிற்கிறதோ அதுதான் விடை.

ஒரு பிராசஸருக்குள் இப்படி எண்ணற்ற பாதைகள் உண்டு. பெரும்பாலானவை குட்டையானவை, சிக்னல் சீக்கிரமே வந்து காத்திருக்கும். சில பாதைகள் நீளமானவை. 64 பிட் பெருக்கல், மிதவைப்புள்ளிக் கணக்கு போன்றவற்றில் சிக்னல் கடைசி நொடியில் ஓடி வந்து பஸ் பிடிக்கிற மாதிரி வந்து சேரும். பிராசஸரின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பவை இந்த நீளப் பாதைகள்தான். கிளாக்கை 10 சதவீதம் ஏற்றினால் இடைவெளி 250ல் இருந்து சுமார் 227 பிகோசெகண்டாகக் குறைகிறது. நீளப் பாதையில் வரும் சிக்னல் 230 எடுத்துக்கொண்டால்?

இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படித் தாமதமானால் உள்ளே மணி எதுவும் அடிக்காது. வாசல் மூடும்போது பழைய 0 நின்றிருந்தால் 0 உள்ளே போகும். 1 வந்திருக்க வேண்டிய இடத்தில் 0. அந்தத் தப்பான பிட்டை எடுத்துக்கொண்டு பிராசஸர் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும். அந்த பிட் ஒரு மெமரி முகவரியின் பகுதியாக இருந்தால் புரோகிராம் விழும். விண்டோஸ் கெர்னலுக்குள் இருந்தால் நீலத் திரை வரும். ஒரு போட்டோவின் ஒரு புள்ளியில் இருந்தால் யாருக்கும் தெரியாது. கேஷ் மெமரிக்குப் பாரிட்டி, ஈசிசி என்று காவல் உண்டு. கூட்டிப் பெருக்குகிற சர்க்யூட்டுகளுக்கு, நம் வீட்டு மேசைக்கு வரும் பிராசஸர்களில், பெரும்பாலும் அந்தக் காவல் கிடையாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2003ல் ‘ரேஸர்’ என்று ஒரு ஆராய்ச்சி வந்தது. முக்கியமான ஃபிளிப்-ஃபிளாப்புகளின் பக்கத்தில் ஒரு நிழல் லாட்சை வைப்பார்கள். அதன் கடிகாரம் கொஞ்சம் தாமதமாகத் துடிக்கும். இரண்டும் பிடித்த விடை ஒன்றாக இல்லாவிட்டால் ‘சிக்னல் லேட்டாக வந்திருக்கிறது’ என்று தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். அழகான யோசனை. அது நம் கம்ப்யூட்டரில் முழுசாக இருந்திருந்தால் ஓவர்கிளாக் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்காது. இல்லாததால், தயாரிப்பாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அதுதான் இடைவெளியில் கொஞ்சம் மிச்சம் விடுவது. 230 எடுக்கும் பாதைக்கு 250 கொடுப்பது.

அந்த மிச்சத்தைத்தான் ஓவர்கிளாக் செய்கிறவர்கள் எடுத்துச் செலவழிக்கிறோம். “கம்பெனிக்காரன் வேணும்னே ஸ்பீட கொறச்சி வித்திருக்கான்” என்று பையன்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. 1984ல் வந்த ஐபிஎம் ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. போர்டில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு 16ஐச் செருகினால் 8ல் ஓடும். ஆட்கள் செய்தார்கள். ஐபிஎம் பிறகு பயாஸிலேயே வேகத்தைச் சோதித்து, அப்படி மாற்றிய மெஷின் கிளம்பாதபடி செய்தது. 1998ல் இன்டெல் செலரான் 300ஏ வந்தது. பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருக்கும். ஆனால் பஸ்ஸை 66ல் இருந்து 100க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். ஐம்பது சதவீதம்! 128 கேபி கேஷ் சில்லிலேயே இருந்ததால் அதுவும் கூடவே ஓடியது. நிறைய சில்லுகள் அப்படி ஓடின. இந்தப் பழைய கதைகள் இன்னும் காதில் இருப்பதால்தான் இன்றைக்கும் ஒவ்வொரு பிராசஸரிலும் பொக்கிஷம் புதைந்திருக்கிறது என்ற நினைப்பு.

இன்றைய நிலைமை வேறு. இப்போது வரும் பிராசஸர் தன் வெப்பத்தையும் கரண்டையும் தானே பார்த்து, இடம் இருந்தால் தானே ஏறிக்கொள்கிறது. பூஸ்ட் என்று அதைத்தான் சொல்கிறோம். மிச்சத்தில் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்து விற்றுவிட்டார். நமக்கு மீதி இருப்பது ஒரு 5 அல்லது 10 சதவீதம். அந்தக் கடைசி மிச்சம் எதற்காக வைக்கப்பட்டது என்று பார்த்தால், மூன்று விஷயத்துக்கு: வெப்பம், வோல்டேஜ் சரிவு, வயசு. சில்லு எங்கே போகும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. ஏசி ரூமுக்கும் போகலாம், வில்லியனூரில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற என் அறைக்கும் வரலாம். இரண்டு இடத்திலும் சரியான விடை தர வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில். ஆக அந்த மிச்சம் நம்மூர் மே மாதத்துக்காக வைத்தது. ஜனவரியில் அது சும்மா கிடப்பது போலத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிராசஸர் எரிக்கும் பவர், வோல்டேஜின் வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் விகிதமாக இருக்கும். 4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட், 88 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 4.4க்கு ஏற்றுகிறோம், சிக்னல் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக வோல்டேஜை 1.35 ஆக்குகிறோம். வேகம் 1.1 மடங்கு. வோல்டேஜ் 1.125 மடங்கு, வர்க்கம் சுமார் 1.27. பெருக்கினால் 1.39. 88 வாட் இப்போது 122 வாட். பத்து சதவீத வேகத்துக்கு நாற்பது சதவீத பவர். கரண்ட் பில்லை விடுங்க, இந்தப் பவர் முழுக்க வெப்பமாகி வெளியே வந்தாக வேண்டும் என்பதுதான் பிரச்சனை.

நடுத்தரமான ஒரு காற்றுக் கூலர், ஒரு வாட்டுக்குச் சுமார் 0.4 டிகிரி உயர்வு என்று வைக்கலாம். 122 வாட்டுக்கு 49 டிகிரி. இது எதற்கு மேல் 49? கேபினெட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு மேல். மார்கழி ராத்திரியில் என் அறை 25 டிகிரி, கேபினெட்டுக்குள் ஒரு 5 கூட, மொத்தம் 79. நல்லாவே இருக்கிறது. அதே செட்டிங், அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் 2 மணி. தளம் காய்ந்து அறைக்குள் 38 டிகிரி. கேபினெட்டுக்குள் 44. மொத்தம் 93. சூடு ஏறினால் டிரான்சிஸ்டர்களில் கசிவுக் கரண்டும் ஏறும், அது இன்னும் சூட்டைக் கூட்டும், ஆகவே 93ல் நிற்காது. உள்ளே ஓடும் செம்பு இழைகளின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 14 டிகிரி வித்தியாசம் என்றால் ஐந்தரை சதவீதம். சிக்னல் அந்த அளவுக்கு மந்தமாகும் என்று நேராகச் சொல்ல முடியாது, டிரான்சிஸ்டர்களின் நடத்தை வோல்டேஜைப் பொறுத்து மாறும். ஆனால் 227 பிகோசெகண்டுக்குள் மயிரிழையில் வந்துகொண்டிருந்த பாதை எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கக் கஷ்டப்பட வேண்டாம்.

உலக சாதனைக்காரர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்த் திசை. 2023 அக்டோபரில் இன்டெல் கோர் ஐ9-14900கேஎஃப் ஒன்றை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றியபோது குளிர்விக்க ஊற்றியது திரவ ஹீலியம். அங்கே வேண்டியது சாதனையைப் பதிவு செய்யும் அளவுக்குச் சில நிமிஷம் உயிரோடு இருப்பது. நமக்கு வேண்டியது வேறு. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வோல்டேஜ் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி என் கதை. 2022 மே. எங்கள் தாத்தா எழுதிய கணக்கு நோட்டுகள் 14 இருந்தன. 1948ல் தொடங்கி 1961 வரை போகும், அதாவது பிரெஞ்சுக்காரர்கள் இருந்த கடைசி வருஷங்களும் அவர்கள் போன பிறகும். நெல் விலை, ஆள் கூலி, வண்டி வாடகை, யாருக்கு எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில். நடுநடுவே வரி ரசீதுகளைப் பார்த்துப் பிரெஞ்சில் எழுதி வைத்த நகல்கள். பாகூரில் இருக்கும் சித்தப்பாவிடம் இருந்து வாங்கி வந்து, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். ஒரு பக்கம் சுமார் 52 எம்பி, மொத்தம் 1,300க்குக் கொஞ்சம் குறைவான பக்கங்கள். 65 ஜிபிக்கு மேல். டிஸ்க்கில் இடம் இல்லை. நோட்டுக்கு ஒன்றாக 7-ஜிப்பில் சுருக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, மூல ஃபைல்களை அழித்துவிட்டேன். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போது என் பிராசஸர் ஓவர்கிளாக்கில் இருந்தது. டிசம்பரில் செட் செய்தது. ராத்திரி முழுக்க சோதனை ஓட்டிப் பாஸ் ஆனது. ஐந்து மாதத்தில் ஒரு நீலத் திரைகூட வந்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நெல் விலையைச் சரிபார்க்க ஒன்பதாவது நோட்டைத் திறந்தேன். 51 பக்கம் வரை வந்தது. அதற்கு மேல் ‘சிஆர்சி பிழை’. மொத்தமாகச் சேர்த்துச் சுருக்கியதால், ஒரு இடத்தில் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பதும் போய்விடும். 41 பக்கம் போயிற்று. மற்ற 13ம் சரியாகத் திறந்தன. ஒன்பதாவது ஆர்க்கைவ் உருவான நேரத்தைப் பார்த்தேன்: மே மாதம், மத்தியானம் 2.20. மற்றவை காலையிலும் ராத்திரியிலும் செய்தவை.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் சந்தேகப்பட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓட்டினேன், ரேமும் சுத்தம். பிறகு மத்தியான வெயிலில், அதே ஓவர்கிளாக்கில், வேறொரு பெரிய ஃபோல்டரை 20 தடவை சுருக்கி ஒவ்வொன்றையும் சோதித்தேன். 3 கெட்டிருந்தன. ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு அதே வெயிலில் 20 தடவை. ஒன்றும் கெடவில்லை. அந்த 20 தடவையிலும் மெஷின் ஒரு முறைகூட முனகவில்லை என்பதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். “அந்தப் பெட்டியா? கரையான் ஏறிடுச்சிப்பா. பாதியத் தூக்கிப் போட்டுட்டோம். ஒன்கிட்டதான் கம்ப்யூட்டர்ல இருக்குதே” என்றார். ஒன்பதாவது நோட்டு அந்தப் பாதியில் இருந்தது.

என் முட்டாள்தனம் இரண்டு. சுருக்கிய ஃபைலைச் சோதிக்காமல் மூலத்தை அழித்தது ஒன்று. அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இரண்டாவது, ‘விழவில்லை’ என்பதை ‘சரியாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டது. இந்த இரண்டாவதில் நான் மட்டும் மாட்டவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ரேமண்ட் சென் 2005ல் ஒரு அனுபவத்தை எழுதினார். விண்டோஸ் விழும்போது அவர்களுக்குப் போகும் அறிக்கைகளில் சில நம்ப முடியாதவையாக இருந்தன. ஒரு ரெஜிஸ்டரைச் சும்மா பூஜ்யம் ஆக்குகிற கட்டளை, மெமரியையே தொடாதது, அதில் போய் புரோகிராம் விழுந்திருந்தது. அது விழவே முடியாத இடம். பயனர்களைத் தொடர்பு கொண்டு விசாரித்தால் பல மெஷின்கள் ஓவர்கிளாக்கில். அதிலும் சிலருக்கு அது தெரியவே தெரியாது, விற்ற கடைக்காரர் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். வேகத்தைக் குறைத்ததும் பிரச்சனை போயிற்று.

ஓவர்கிளாக் செய்யாத சில்லிலும் இது வரலாம் என்பதற்கு 2021ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். சுருக்கிய ஃபைல்களை விரிக்கும் ஒரு வேலையில் சில ஃபைல்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் துரத்திப் பிடித்தார்கள். ஒரு சர்வரில், ஒரே ஒரு கோர், 1.1ன் 53வது அடுக்கின் முழு எண் பகுதியைக் கேட்டால் 156க்குப் பதில் 0 என்றது. 52வது அடுக்கைக் கேட்டால் 142 என்று சரியாகச் சொன்னது. ஃபைலின் அளவு 0 என்று வந்ததால் ‘ஒன்றும் இல்லை’ என்று சிஸ்டம் விட்டுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது.

2024ல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வந்த தகராறு இன்னும் நம் விஷயத்துக்குப் பக்கம். கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். மெமரி தாராளமாக இருக்கும். உண்மையில் ஷேடர்களை விரிக்கும்போது பிராசஸர் தப்பு செய்திருக்கும். மதர்போர்டுகள் பவர் வரம்பைத் தாமாகவே தளர்த்தி வைத்திருந்தது ஒரு பக்கம். பிராசஸரே தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கி, அதனால் உள்ளே கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சர்க்யூட் சீக்கிரம் வயசாகிப் போனது இன்னொரு பக்கம். வயசான பிறகு அதே வேகத்துக்கு இன்னும் அதிக வோல்டேஜ் தேவைப்படும். ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கனவே பழுதானதைத் திருத்தம் சரிசெய்யாது. வோல்டேஜைக் கூட்டி ஓவர்கிளாக் செய்கிறவர்கள் அதே வேலையைக் கையால் செய்கிறோம் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

மூன்றில் இரண்டில், என் கதையையும் சேர்த்தால் நான்கில் மூன்றில், சுருக்கி விரிக்கும் வேலையில்தான் குட்டு வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். அதற்குக் காரணம் உண்டு. சுருக்கிய ஃபைலுக்குள்ளேயே சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஒரு பிட் பிசகினாலும் கணக்கு உதைக்கும். ஒரு கேமில் ஒரு சுவரின் நிறம் மாறினால் யார் கவனிப்பார்கள்?

ஆகவே சோதனை என்றால், விடையைச் சரிபார்க்கிற சோதனையாக இருக்க வேண்டும். சினிபெஞ்ச் ஒரு படத்தை வரைந்து மார்க் போடும். படத்தில் புள்ளி தப்பினாலும் மார்க் குறையாது. பிரைம்95 அப்படி இல்லை. பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்துக்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதியது, அந்தத் திட்டம் 1996ல் தொடங்கியது. அது மிதவைப்புள்ளியில் பெருக்கும், ஆனால் விடை முழு எண்ணாகத்தான் வர வேண்டும் என்று தெரியும். 17.02 வந்தால் 17 என்று எடுத்துக்கொள்ளும். 17.45 வந்தால் 17ஆ 18ஆ என்று சொல்ல முடியாது. விலகல் 0.4ஐத் தாண்டினால் ‘ஹார்ட்வேர் சரியில்லை’ என்று நிறுத்திவிடும். அந்தச் செய்தி ஒரே ஒரு தடவை வந்தாலும் ஓவர்கிளாக் தோல்விதான். “ஒரு தடவதான வந்துச்சி” என்று மழுப்பக் கூடாது. சின்ன எஃப்எஃப்டி அளவு கேஷுக்குள்ளேயே சுழன்று அதிக சூட்டைக் கிளப்பும், பெரிய அளவு ரேமையும் இழுத்துப் போட்டுச் சோதிக்கும். இரண்டும் வேண்டும். கூடவே 7-ஜிப்பின் பெஞ்ச்மார்க்கையும் ஒரு மணி நேரம் ஓட விடுவேன். அதுவும் விரித்துப் பார்த்து விடையை ஒப்பிடும்.

விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘வியா-லாகர்’ என்று வரும் பதிவுகளைத் தேடுங்கள். எண் 19 என்றால் ஹார்ட்வேர் ஒரு பிழையைத் தானே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். மெஷின் சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் விளிம்பில் நிற்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல அறிகுறி கிடைக்காது.

வோல்டேஜ் சரிவு பற்றியும் சொல்ல வேண்டும். 122 வாட்டை 1.35 வோல்ட்டால் வகுத்தால் 90 ஆம்பியர். என் வீட்டு மெயின் பிரேக்கரே 32 ஆம்பியர்தான். 90 ஆம்பியர் பாயும் வழியில் வெறும் 1 மில்லி ஓம் தடை இருந்தாலும் 0.09 வோல்ட் காணாமல் போகும். பயாஸில் 1.35 என்று போட்டாலும் வேலை பளு ஏறியதும் சில்லுக்குக் கிடைப்பது 1.26. இதை ஈடுகட்டத்தான் லோட்-லைன் கேலிபரேஷன் என்ற செட்டிங். அதை உச்சத்தில் வைத்தால் போதுமே என்று தோன்றும். வைத்தால், பளு சட்டென்று இறங்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும், அந்தத் துள்ளல்தான் சில்லை வயசாக்கும். நடுவில் வைத்துவிட்டு, மீதிக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

சுவரில் இருந்து வரும் வோல்டேஜ் குறைவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 230 இறங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கிக்கொள்ளும், பிராசஸர் வரை அது வராது. கரண்ட் போய் யூபிஎஸ் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில மில்லிசெகண்ட்தான் ஆபத்தான இடம். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள கெப்பாசிட்டர் அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், பளு கூடக்கூடத் தாக்குப்பிடிக்கும் நேரம் குறையும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்பக்கத்தில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். எர்த்திங்கை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறது என்றால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

தூசி இன்னொன்று. வைக்கோல் தூசியும் ரோட்டுப் புழுதியும் கடலோர ஈரத்தோடு சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளில் களிம்பு மாதிரி ஒட்டும். ஊதினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நான் கணக்கில் போட்ட 0.4 டிகிரி சுத்தமான கூலருக்கு. ஏப்ரலில் ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டுத்தான் கோடையைத் தொடங்குகிறேன்.

இப்போது பலர் செய்வது இன்னொரு வகை: வேகத்தை ஏற்றாமல் வோல்டேஜை இறக்குவது. நானும் இப்போது அதில்தான் இருக்கிறேன். சூடு குறையும், அதனால் பிராசஸர் தானாகவே கொஞ்சம் அதிக நேரம் பூஸ்ட்டில் நிற்கும். நம்மூருக்கு இதுதான் பொருத்தம். ஆனால் இதுவும் அதே மிச்சத்தைத்தான் எடுக்கிறது, இன்னொரு வாசல் வழியாக. ஒரு விசித்திரமும் உண்டு. ஏஎம்டியின் கர்வ் ஆப்டிமைசரில் அதிகமாக இறக்கினால், முழுப் பளுவில் மணிக்கணக்கில் ஓடும் மெஷின், சும்மா இருக்கும்போது விழும். காரணம், முழுப் பளுவில் எல்லாக் கோரும் நிதானமான வேகத்தில் ஓடும். சும்மா இருக்கும்போது ஒரே ஒரு கோர் ஏதோ சின்ன வேலைக்காகத் தன் உச்ச வேகத்துக்குத் தாவும், அங்கேதான் வோல்டேஜ் போதாது. ஆகவே ஒவ்வொரு கோராக, ஒற்றைத் த்ரெட்டில் சோதிக்க வேண்டும். ராத்திரி ஒன்றும் செய்யாமல் ஆன் செய்து வைப்பதும் ஒரு சோதனைதான்.

பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். 4.4ஐ 4.3 ஆக்கு, வோல்டேஜை அப்படியே விடு. ஏற்கனவே பாஸ் ஆன இடத்தில் இருந்து ஒரு படி கீழே இறங்குவதில் வேகம் இரண்டரை சதவீதம்கூடப் போகாது, கோடைக்கு வேண்டிய இடம் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் கேபினெட்டைச் சுத்தம் செய்து, மத்தியானம் 1 மணியில் இருந்து 4 மணி வரை ஜன்னலைச் சாத்தி பிரைம்95 ஓட்டு. பாஸ் ஆனால் வைத்துக்கொள். அது வரைக்கும் வீட்டுப் போட்டோ, காலேஜ் ப்ராஜெக்ட் எதையும் சுருக்கிவிட்டு மூலத்தை அழிக்காதே.

“4.3ன்னு சொன்னா பசங்க சிரிப்பானுங்களேண்ணா” என்றான்.

ஒன்பதாவது நோட்டின் 51 பக்கங்களை இப்போது மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண்ணோடு. கடைசியாக இருக்கும் பக்கத்தில் 1956 தை மாதக் கூலிக் கணக்கு, பாதியில் நிற்கிறது. கூட்டுத்தொகை அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும்.